குறுகிய பிரிட்டன் சாலையில் ஆர்டிக் லாரி: உரிமம் முதல் கடைசி மைல் வரை

பிரிட்டனில் கனரக லாரி ஓட்டப் போகும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னால் இழுவை வண்டி, பின்னால் கழற்றி மாட்டக்கூடிய டிரெய்லர், இரண்டும் சேர்ந்து 16.5 மீட்டர் நீளம், ஆறு அச்சுகளில் 44 டன் வரை எடை. இதைத்தான் இங்கே ஆர்டிக் என்கிறார்கள். இதற்கான உரிமத்தைத் தொழிலில் இருப்பவர்கள் 'கிளாஸ் ஒன்' என்பார்கள், காகிதத்தில் அது சி+இ.

உரிமம் வாங்கும் வழியைச் சொல்ல ஆட்கள் உண்டு. மோட்டார்வேயை விட்டு இறங்கி, ஒரு பண்ணைக்கோ சிற்றூர்த் தொழிற்சாலைக்கோ போகும் கடைசி இரண்டு மைலைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. விசாரித்தும் பயந்தும் கற்றுக்கொண்டேன். ஆவணங்களையும் செலவையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சாலைக்கு அதிக இடம் ஒதுக்குகிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

1. முதலில் விசாவைப் பாருங்கள்

லாரி ஓட்டுநர் வேலைக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடையாது. 2021-இல் ஓட்டுநர் தட்டுப்பாடு வந்தபோது கொடுத்த தற்காலிக விசா முடிந்துபோன கதை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு 'லண்டனில் லாரி டிரைவர் வேலை, விசாவுடன்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வேலை செய்யும் உரிமையோடு இங்கே வசிப்பவர்களுக்கே இந்த வழி: குடியுரிமை, நிரந்தர வதிவிடம், துணைவர் விசா போன்றவை.

ஊரில் பத்து வருடம் டிரெய்லர் ஓட்டியிருந்தாலும் இந்திய, இலங்கை உரிமங்கள் இங்கே மாற்றித் தரப்படுவதில்லை. குடியேறியதிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம், லாரி ஓட்டக் கூடாது. ஆகவே பிரிட்டனின் முழுமையான கார் உரிமம்தான் முதல் படி. முடிந்தால் அதைக் கியர் வண்டியிலேயே எடுங்கள். கார் உரிமம் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் என்றிருந்து, லாரித் தேர்வையும் ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தால், லாரி உரிமமும் அப்படியே முடங்கிவிடும். கியர் கார் உரிமம் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

2. டி2, டி4: இரண்டு படிவங்கள்

உரிமங்களைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. அலுவலகத்துக்கு இரண்டு படிவங்களை அனுப்ப வேண்டும். டி2 என்பது கற்போர் உரிமத்துக்கான விண்ணப்பம், இதற்குக் கட்டணம் இல்லை. டி4 என்பது மருத்துவ அறிக்கை, இதை மருத்துவர் நிரப்ப வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரிடம் போனால் 100 பவுண்டுக்கு மேல் கேட்கலாம். ஓட்டுநர் மருத்துவப் பரிசோதனை மட்டுமே செய்யும் தனியார் மையங்களில் பாதி விலைக்கு முடிந்துவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் டி4-இல் உள்ள சின்னக் குறைகளால்தான். மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்: விடுபட்ட கட்டம், விடுபட்ட தேதி, விடுபட்ட முத்திரை. பெயர் விஷயத்தில் நமக்குத் தனித் தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ஒரு வரியிலும் நம் பெயர் மறு வரியிலும் இருக்கும். மருத்துவர் ஒரு வரிசையில் எழுதுவார், உரிமத்தில் வேறு வரிசை இருக்கும். கார் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கண் பார்வைக்குக் கடுமையான விதி: நல்ல கண்ணில் 6/7.5, மற்றொன்றில் குறைந்தது 6/60. கண்ணாடி போட்டு இதை எட்டலாம், ஆனால் கண்ணாடியின் பவர் பிளஸ் 8-ஐத் தாண்டக் கூடாது. கண் பகுதியை முதலில் கண்ணாடிக் கடையிலேயே நிரப்பி வாங்கிக்கொண்டு பிறகு மருத்துவரிடம் போவது நல்லது. நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்களும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை உள்ளவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. தேர்வுகளும் அவற்றின் கட்டணமும்

தொழிலாக ஓட்டுவதற்கு உரிமம் மட்டும் போதாது, 'டிரைவர் சி.பி.சி.' என்ற தகுதியும் வேண்டும். இரண்டும் ஒரே தேர்வு வரிசைக்குள் வந்துவிடுகின்றன.

எழுத்துத் தேர்வில் 100 கேள்விகள், 85 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 26 பவுண்டு. ஆபத்தை முன்கூட்டி உணரும் வீடியோ தேர்வில் 100-க்கு 67 வேண்டும், 11 பவுண்டு. இரண்டும் தனித்தனி முன்பதிவு. ஒன்றை முடித்து இரண்டு ஆண்டுக்குள் மற்றதையும் முடிக்க வேண்டும். அடுத்து, ஓட்டுநரின் அன்றாட நிலைமைகளைக் கொடுத்துக் கேட்கும் தேர்வு: 50 கேள்வி, 40 சரி, 23 பவுண்டு. பிறகு லாரியோடு மூன்று கட்டம். ரிவர்ஸ் எடுப்பதும் டிரெய்லரைக் கழற்றி மாட்டுவதும் மைதானத்தில் நடக்கும். இதற்கான கட்டணம் தேர்வை நடத்துபவரைப் பொறுத்தது. சாலையில் ஓட்டும் தேர்வு வார நாளில் 115 பவுண்டு. சரக்கைக் கட்டுவது, வண்டியைச் சோதிப்பது, கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பது போன்றவற்றைச் செய்து காட்டும் தேர்வு 55 பவுண்டு. மைதானத் தேர்வைத் தவிர்த்துக் கூட்டினால் 230 பவுண்டு.

காருக்கான எழுத்துத் தேர்வில் ஒரு காலத்தில் தமிழ்க் குரல் வசதி இருந்தது. 2014 ஏப்ரலுடன் எடுத்துவிட்டார்கள். பழைய நினைவில் யாராவது 'தமிழிலேயே எழுதலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துப் பழக ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

2021-இன் இறுதியிலிருந்து சிறிய லாரித் தேர்வை எழுதாமல் நேராக ஆர்டிக் தேர்வுக்கே போகலாம். பணம் மிச்சம்தான். ஆனால் பெரிய வண்டியையே தொடாதவர்களுக்கு என் யோசனை, டிரெய்லர் பிரியாத ஒரே உடலான ரிஜிட் லாரியில் ஓரிரு நாளாவது பயிற்சி எடுத்துவிட்டுப் போவது. கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டும் பழக்கம் அங்கே வந்துவிடும்.

4. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

எல்லாம் சேர்த்து 2,500 முதல் 4,000 பவுண்டு வரை ஆகும். ஊரையும் பயிற்சி அட்டவணையையும் பொறுத்து மாறும். விண்ணப்பத்திலிருந்து கையில் உரிமம் வரை மூன்று நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் சில இடங்களில் அரசு நிதியோடு நடக்கும் பயிற்சித் திட்டங்களும் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இணையத்தில் முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளே அல்ல; தரகு நிறுவனங்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு உங்களை வேறொரு பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். நான் பணம் கட்டிய இடமும் அப்படித்தான். தேதி கேட்டால் பள்ளியைக் கை காட்டுவார்கள், பள்ளியைக் கேட்டால் தரகரைக் கை காட்டுவார்கள். வாரக்கணக்கில் அலைந்தேன். ஆகவே கட்டும் முன் எழுத்தில் பதில் வாங்குங்கள்: லாரி அவர்களுடையதா? எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், இன்னொருவரோடு பகிர வேண்டுமா? மைதானத் தேர்வு கட்டணத்துக்குள் வருகிறதா? தேறாவிட்டால் மறுதேர்வுக்கு எவ்வளவு? கடைசிக் கேள்விதான் முக்கியம். மறுதேர்வு என்றால் தேர்வுக் கட்டணத்தோடு லாரி வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் சேர்ந்து பல நூறு பவுண்டு ஆகிவிடும்.

5. கையில் இருக்க வேண்டிய கார்டுகள்

உரிமம், ஓட்டுநர் தகுதிக் கார்டு, ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் டிஜிட்டல் டாகோகிராஃப் கார்டு, இந்த மூன்றும் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். டாகோ கார்டுக்கு 32 பவுண்டு. தேர்வு முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் எந்த நிறுவனமும் சாவியைத் தராது. சி.பி.சி. தகுதியைத் தக்கவைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேர வகுப்பு. 45 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 65 முதல் ஆண்டுதோறும் மருத்துவ அறிக்கை.

6. உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

சாலையில் இறங்குவதற்கு முன் மனப்பாடமாக இருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: அன்றைய வண்டியின் உயரம். மூன்று மீட்டரைத் தாண்டினால் அதை ஓட்டுநர் அறையில் எழுதி வைப்பது சட்டம். முந்தைய ஓட்டுநர் வைத்துவிட்டுப் போன எண்ணை அப்படியே நம்பாதீர்கள். டிரெய்லரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் உயரமும் முழு உண்மையல்ல. டிரெய்லர் அமரும் தட்டு, அதாவது ஃபிஃப்த் வீல், ஒவ்வொரு இழுவை வண்டியிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். அதே டிரெய்லரை வேறு வண்டியில் மாட்டினால் கூரை சில அங்குலம் ஏறிவிடும். ஹை கியூப் கன்டெய்னர் சாதாரணக் கன்டெய்னரைவிட ஓர் அடி உயரம். இரண்டடுக்கு டிரெய்லர் 16 அடியைத் தொடும். அளவுகோலை எடுத்து அளந்து, அடி அங்குலத்திலும் மீட்டரிலும் எழுதிக் கண்ணெதிரே ஒட்டுங்கள். 14 அடி 3 அங்குலம் என்றால் 4.34 மீட்டர்.

பாலங்களில் உயரம் எழுதாவிட்டால் குறைந்தது 16 அடி 6 அங்குலம் இருக்கிறது என்பது பொது வழக்கம். எழுதியிருந்தால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுப் பாலங்களில் எழுதிய உயரம் நடுப்பகுதிக்கு மட்டுமே. ஓரத்தில் போனால் டிரெய்லரின் இடது மேல் மூலை கல்லில் உரசும். எதிரே வண்டி வராத நேரம் பார்த்து நடுவில் போக வேண்டும். லெஸ்டர்ஷயரின் ஹிங்க்லியில் ஏ5 சாலையிலும், கேம்பிரிட்ஜ்ஷயரின் ஈலியில் ஸ்டன்ட்னி சாலையிலும் உள்ள ரயில் பாலங்கள் லாரிகள் மோதி மோதியே நாடறிந்தவை. எச்சரிக்கைப் பலகைகள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் மோதுகிறார்கள்.

மோதிவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள். பாலத்தில் ஒரு பலகையில் தொலைபேசி எண்ணும் பாலத்தின் அடையாள எண்ணும் இருக்கும். முதலில் அதற்கு அழைத்தால்தான் ரயில்களை நிறுத்துவார்கள். பிறகு 999. சொல்லாமல் போவது குற்றம். லாரி ஓட்டுநர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் டிராஃபிக் கமிஷனர் முன் நின்று லாரி உரிமத்தையே இழக்க நேரலாம்.

7. புறப்படும் முன் கடைசி மைலைப் பாருங்கள்

கார் நேவிகேஷனோடு ஆர்டிக் ஓட்டவே கூடாது. லாரிக்கென்று உள்ள கருவியை வாங்கி, உயரம், அகலம், எடை மூன்றையும் அன்றன்று பதியுங்கள். பாலங்களின் உயரம் குறித்த லாரி ஓட்டுநர் வரைபடப் புத்தகம் ஒன்றும் அறையில் இருக்கட்டும். அதற்கு மேல் செயற்கைக்கோள் படத்தில் கடைசி இரண்டு மைலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்: வாசல் எந்தப் பக்கம்? உள்ளே திரும்ப இடம் உண்டா, இல்லை ரிவர்ஸில்தான் போக வேண்டுமா? சாலையில் நடுக்கோடு இருக்கிறதா? நடுக்கோடு மறைந்துபோகும் இடத்திலிருந்து இரண்டு லாரி எதிரெதிரே கடக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சரக்கு வாங்குபவருக்கு அழைத்து, 'ஆர்டிக் எந்த வழியாக வரும்?' என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கருவிக்கும் தெரியாது.

பலகைகளில் மூன்றைப் பிரித்து அறிய வேண்டும். '7.5 டன்' என்று லாரிப் படத்தோடு உள்ள சிவப்பு வட்டத்தின் கீழ், உள்ளே வேலை இருப்பவர்களுக்கு விலக்கு என்று எழுதியிருந்தால், சரக்கு இறக்க வேண்டிய இடம் அந்தப் பகுதிக்குள் இருந்தால் மட்டும் போகலாம். குறுக்கு வழியாகப் பயன்படுத்தக் கூடாது. பலவீனமான பாலம் என்ற பலகை வேறு. அது வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைச் சொல்கிறது. காலி வண்டிக்கு விலக்கு என்று தனியாக எழுதியிருந்தாலொழிய, சரக்கே இல்லாமல் போனாலும் தவறு. 'கனரக வண்டிகளுக்கு உகந்ததல்ல' என்பது வெறும் அறிவுரைதான், ஆனால் புதியவர்கள் அதைத் தடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ என்று தொடங்கும் எண் இருப்பதால் சாலை அகலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிக் கரையில் டார்பெட்டுக்கு வடக்கே ஏ82 ஒருபுறம் பாறையும் மறுபுறம் ஏரியுமாக நெருக்கும். யார்க்ஷயரின் சட்டன் பேங்க் மலையில் ஏ170-உம், சோமர்செட்டின் போர்லாக் மலையில் ஏ39-உம் நான்குக்கு ஒன்று என்ற செங்குத்து. ஈரமான நாளில் காலி டிரெய்லரோடு அங்கே ஏறினால் சக்கரம் வழுக்கி நடுவழியில் நின்றுவிடும். சுற்றிப் போவதே மேல்.

8. குறுகிய சாலையில் ஓட்டும் முறை

வண்டியின் அகலம் 2.55 மீட்டர், குளிர்சாதன டிரெய்லர் என்றால் 2.6. இருபுறக் கண்ணாடிகளையும் சேர்த்தால் மூன்று மீட்டரை நெருங்கும். டெவன் பக்கத்துச் சந்துகளில் வேலிக்கு வேலி அவ்வளவு இடமே இல்லாத இடங்கள் உண்டு. வெளியே பசுமையாகத் தெரியும் அந்த வேலிக்குள் கல்லும் மண்ணும் கெட்டியாக இருக்கும்.

வேக வரம்பு உங்களுக்குத் தனி. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை, நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் காருக்கு 60 மைல். அதே சாலையில் உங்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50, ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் 40. வளைவில் இதிலும் பாதிக்கு இறங்க வேண்டியிருக்கும். தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இந்தச் சாலைகளில் சரியான வேகம், ஏனென்றால் எதிரே வருபவருக்கும் நிற்க இடம் வேண்டும்.

இடதுபுறம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே இழுவை வண்டியைச் சந்திப்புக்குள் நன்றாக நேராகக் கொண்டுபோய், பிறகே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புங்கள். கண் இடதுபுறக் கண்ணாடியில், நடு அச்சின் டயருக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி சுருங்கச் சுருங்க வேகத்தைக் குறையுங்கள். ஓர் அடிக்குக் கீழே வந்தால் நின்று, ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீண்டும் நகருங்கள். வண்டி மடங்கியதும் அந்தக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் மட்டுமே தெரியும், சைக்கிள்காரர் மறைந்துவிடுவார். ஆகவே திரும்பத் தொடங்கும் முன்பே இடப்பக்கம் யாரும் நுழையவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் மறக்காதீர்கள். சிறு ரவுண்டானாவின் நடு வட்டத்தைச் சுற்றி வர இயலாத நீள வண்டி அதன்மேல் ஏறிப் போகலாம், விதியே அனுமதிக்கிறது.

புதியவர்களை ஏமாற்றும் இன்னொன்று சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். சக்கரம் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளியே ஓடும், ஆனால் நான்கு மீட்டர் உயரத்தில் டிரெய்லரின் கூரை இடப்பக்கம் சாய்ந்து விளக்குக் கம்பத்தையும் கடைக் கூரையையும் மரக்கிளையையும் உரசும். ஊருக்குள் போகும்போது கீழே பார்ப்பதைப் போலவே மேலேயும் பாருங்கள். எதிரே லாரி வந்தால் புல் ஓரத்தில் சக்கரத்தை இறக்கி வழிவிட மனம் சொல்லும். மழை பெய்த பிறகு அந்த மண் அரிசிமாவைப் போல அமுங்கும். இடது சக்கரங்கள் இறங்கினால் 44 டன்னும் அந்தப் பக்கமே சாயும். நின்று, கண்ணாடியை மடித்து, நடக்கும் வேகத்தில் கடப்பதே பத்திரம்.

ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்குவதற்கென்று பலகை வைத்த இடங்கள் இருக்கும். இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் ஒதுங்கிக்கொள்வார். மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழிவிட வேண்டும். ஆர்டிக்கை ரிவர்ஸ் எடுப்பதைவிடக் கார் பின்னால் போவது எளிது என்பதால், தொலைவிலேயே விளக்கு வெளிச்சம் தெரிந்ததும் ஒதுங்கும் இடத்தில் காத்திருங்கள். ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். குதிரையைக் கடக்க மணிக்கு 10 மைலுக்குக் கீழும் இரண்டு மீட்டர் இடைவெளியும். சைக்கிளுக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள், பின்னால் நிற்கும் கார்கள் ஹார்ன் அடித்தாலும் சரி.

திமில்போல் உயர்ந்த பாலங்களிலும் ரயில் கடவுகளிலும் டிரெய்லரின் தாங்குகால் (கழற்றி நிறுத்தும்போது அதன் முன்பக்கத்தைத் தாங்கும் கால்) தட்டி மாட்டிக்கொள்ளும். மேட்டில் லாரி நிற்பது போன்ற முக்கோணப் பலகை அதற்குத்தான்.

9. வழி தவறிவிட்டால்

தவறான சந்தில் நுழைந்துவிட்டதாகத் தெரிந்த நொடியே நில்லுங்கள். 'கொஞ்சம் போனால் திரும்ப இடம் வரும்' என்ற எண்ணத்தில்தான் முழுச் சிக்கலும் தொடங்குகிறது. அபாய விளக்கைப் போட்டு, கைப்பிரேக் போட்டு, இறங்கி முன்னால் நடந்து பாருங்கள். அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிரதான சாலைக்குப் பின்னால் போக வேண்டியிருந்தால் தனியாகச் செய்யாதீர்கள். 101-க்கு அழைத்தால் காவல்துறை போக்குவரத்தை நிறுத்தி உதவும், ஆபத்து என்றால் 999. அரை மணி தாமதத்துக்கு யாரும் உங்கள் வேலையைப் பறிக்க மாட்டார்கள். வீட்டுச் சுவரை இடித்தால் நிலைமை வேறு.

10. ரிவர்ஸும் டிரெய்லர் மாற்றமும்

ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், டிரெய்லரின் பின்புறம் வலப்பக்கம் திரும்பும்படி ரிவர்ஸ் எடுத்தால் சன்னல் வழியாகவே பார்க்கலாம். இடப்பக்கம் திருப்பினால் குருட்டுப் பக்கம். முற்றத்துக்குள் நுழையும் முன்பே வலப்பக்கம் ரிவர்ஸ் வரும்படி சுற்றி வாருங்கள். எத்தனை முறை இறங்கிப் பார்த்தாலும் அவமானம் இல்லை. வழிகாட்டும் ஆள் கண்ணாடியில் தெரியாமல் போனால் உடனே நில்லுங்கள்.

டிரெய்லரை மாட்டும்போது ஓட்டுநர்கள் தங்கள் வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே நசுங்கி இறந்திருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கைப்பிரேக் போடாமல் இறங்கி, டிரெய்லரின் பார்க்கிங் பிரேக்கும் விடுபட்டிருக்க, சிவப்புக் காற்றுக் குழாயை மாட்டியதும் பிரேக் விடுபட்டு முழு வண்டியும் உருளத் தொடங்கும். ஆகவே முதலில் டிரெய்லரின் சிவப்புப் பொத்தான் வெளியே இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் போய்ப் பூட்டு விழுந்ததும் சிறு கியரில் இரண்டு முறை முன்னால் இழுத்துச் சோதியுங்கள். கைப்பிரேக், எஞ்சின் அணைப்பு, சாவி சட்டைப்பைக்குள். அதன் பிறகே பூட்டின் கிளிப், குழாய்கள், மின் இணைப்பு, தாங்குகால், எண் பலகை, விளக்குகள். அவசரப்படுத்துகிற எவருக்கும் இந்த வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

11. நேரக் கணக்கு

நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. வேண்டுமானால் முதலில் 15, பிறகு 30 என்று பிரிக்கலாம். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்கு 90. கிராமச் சாலையில் கருவி காட்டும் நேரத்தை நம்பினால் ஓய்வெடுக்க வேண்டிய நிமிடம் நிறுத்த இடமே இல்லாத சந்தில் வந்து நிற்கும். பிரதான சாலையை விட்டு இறங்கும் முன், நான்கு மணி நேரத்துக்குள்ளாகவே ஓய்வை முடித்துவிடுங்கள். மோட்டார்வே சர்வீஸில் முதல் இரண்டு மணி நேரம் இலவசம்; இரவு நிறுத்த 30 பவுண்டு அல்லது அதற்கு மேலும் ஆகும். அதை யார் கொடுப்பது என்று நிறுவனத்திடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

12. முதல் வேலை

காப்பீட்டுக் காரணத்தால் பல நிறுவனங்கள் ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்கும். சலித்துப்போகாமல், கிடங்கிலிருந்து கிடங்குக்கு இரவில் ஓட்டும் டிரங்கிங் வேலையைத் தேடுங்கள். டேவென்ட்ரி, லட்டர்வொர்த் வட்டாரத்துப் பெரிய கிடங்குகளில் அது நிறைய உண்டு. அகலமான சாலை, ஒரே பாதை, ஆனால் தினமும் ரிவர்ஸும் டிரெய்லர் மாற்றமும். சில மாதம் கழித்துப் பண்ணை, கட்டடச் சரக்கு என்று குறுகிய சாலைகளுக்குப் போகலாம். லண்டனுக்குள் ஓட்டச் சொன்னால், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வேண்டிய நேரடிப் பார்வை அனுமதி (ஓட்டுநர் கண்ணால் நேராக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை வைத்துத் தரும் 'டைரக்ட் விஷன்' அனுமதி) அந்த வண்டிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏஜென்சி வழியாகச் சேர்ந்தால், மணிக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை உங்கள் கைக்கு வரும் தொகையா, இடையில் நின்று சம்பளம் போடும் அம்பரெல்லா நிறுவனம் முதலாளி பங்கு வரியைக் கழித்த பிறகு வருவதா என்று எழுத்தில் கேளுங்கள். விடுமுறைச் சம்பளம் தனியா, அதற்குள்ளேயேவா என்பதையும் கேளுங்கள். தினமும் காலையில் வண்டியைச் சுற்றிச் சோதித்து நிரப்பும் குறைபாட்டுப் படிவத்தைக் கொடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்று யாரோ உரசிய கீறலுக்கு இன்று உங்களிடம் பணம் கேட்டால், தேதியோடு காட்ட அது இருக்கும்.